எக்ஸ்-பிளேனுடன் சொந்தக் கருவிப்பலகையை இணைத்தல்: லீவர் ஒரு பக்கம், விமானம் மறுபக்கம்

ஓடுபாதை27

வணக்கம் நண்பர்களே. வீட்டில் போயிங் 737-800 விமானி அறையின் முன்பலகையைக் கட்டி வருகிறேன். மென்பொருள் எக்ஸ்-பிளேன் 12 என்ற விமான சிமுலேட்டர். ஆர்டுயினோ மெகா என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டு ஒன்றில் கியர் லீவர் (சக்கரங்களை ஏற்றி இறக்கும் கைப்பிடி), மூன்று பச்சை விளக்கு, மூன்று சிவப்பு விளக்கு, உயரத்தைத் தெரிவு செய்யும் குமிழ், அதற்கான ஐந்து இலக்கக் காட்சி, ஃபிளாப் லீவர் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். போர்டிலிருந்து சீரியல் வழியாகக் கணினிக்குத் தகவல் போகிறது. அங்கே ஒரு சிறிய பைத்தான் நிரல் அதை வாங்கி யுடிபி என்ற வலையமைப்பு முறை வழியாக எக்ஸ்-பிளேனுக்கு அனுப்புகிறது. எல்லாம் இயங்குகிறது, ஆனால் நம்பி ஓட்ட முடியவில்லை.

லீவர் மேலே இருக்கும்போது புதிய பயணத்தைத் தொடங்கினால் விமானம் சக்கரத்தைக் கீழே வைத்தபடி வருகிறது. அதன் பிறகு லீவரை இறக்கினால் சக்கரம் ஏறுகிறது, ஏற்றினால் இறங்குகிறது. உயரக் குமிழை மெதுவாகத் திருப்பினால் கிளிக்குக்கு 100 அடி சரியாகக் கூடுகிறது. 5,000 அடியிலிருந்து 33,000 அடிக்கு வேகமாகச் சுழற்றினால் கிளிக்குகள் காணாமல் போகின்றன, சில சமயம் எண் பின்னோக்கியும் தாவுகிறது. விளக்குகளின் நிலை இது: லீவரை இறக்கியதும் சிவப்பை எரியவைத்து, சில விநாடிகள் கழித்துப் பச்சைக்கு மாற்றுகிறேன். கணினி திணறும் நேரத்தில் திரையில் சக்கரம் இறங்கி முடிவதற்குள் பலகையில் பச்சை வந்துவிடுகிறது.

எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

சாலிடர்மணம்

லீவருக்கு எந்தக் கமாண்டை அனுப்புகிறீர்கள்? குமிழில் கெபாசிட்டர் இருக்கிறதா? புதிய உயரத்தை நிரல் எப்படிக் கணக்கிடுகிறது? இந்த மூன்றும் தெரியாமல் பதில் சொன்னால் நோயாளியைப் பார்க்காமலே மருந்து எழுதியதாகிவிடும்.

ஓடுபாதை27

லீவருக்கு கியர் டாகிள் கமாண்டு. கெபாசிட்டர் இல்லை, போர்டுக்குள் இருக்கும் புல்-அப் (பின்னை 5 வோல்ட்டில் பிடித்துவைக்கும் ரெசிஸ்டர்) மட்டும்தான். எக்ஸ்-பிளேன் கடைசியாக அனுப்பிய உயரத்துடன் 100 கூட்டி, அந்த எண்ணையே நிரல் திருப்பி எழுதுகிறது.

நீலவானம்

உங்கள் மூன்று சிக்கல்களுக்கும் வேர் ஒன்றுதான். விமானத்தின் நிலை என்ன என்பதை உங்கள் போர்டும் தன் பாட்டில் நினைவில் வைத்துக்கொள்கிறது, எக்ஸ்-பிளேனும் வைத்துக்கொள்கிறது. இரண்டு கணக்கு ஓடினால் என்றாவது ஒரு நாள் அவை பொருந்தாமல் போகும். விமானத்தின் நிலைக்கு எக்ஸ்-பிளேன் மட்டுமே கணக்குப்பிள்ளை என்று வையுங்கள். போர்டின் வேலை இரண்டே: கை எங்கே இருக்கிறது என்று சொல்வது, எக்ஸ்-பிளேன் சொல்வதைக் காட்டுவது.

லீவரைப் பார்ப்போம். டாகிள் என்றால் 'இப்போது இருப்பதை மாற்று' என்று பொருள். இப்போது என்ன இருக்கிறது என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போனால்தான் அது சரியாக வேலை செய்யும். ஒருமுறை பிசகினால் பயணம் முடியும்வரை தலைகீழ்தான். யுடிபியில் ஒரு பாக்கெட் தொலைந்தாலும் இதே விளைவு, ஏனென்றால் தொலைந்ததை யுடிபி மறுபடி அனுப்பாது. அதனால் மாற்றத்தை அனுப்பாமல் நிலையை அனுப்புங்கள். கியர் கைப்பிடிக்கு எக்ஸ்-பிளேனில் எழுதக்கூடிய டேட்டாரெஃப் (விமானத்தின் ஒரு நிலையைக் குறிக்கும் பெயரிட்ட மதிப்பு) இருக்கிறது: 1 என்றால் கீழே, 0 என்றால் மேலே. லீவர் நகர்ந்தவுடன் ஒருமுறை எழுதுங்கள், பிறகு விநாடிக்கு ஒருமுறை அதையே திரும்ப எழுதுங்கள். எந்தப் பாக்கெட் தொலைந்தாலும் அடுத்த விநாடியில் எல்லாம் சரியாகிவிடும். நிரலை நடுவானில் நிறுத்தித் தொடங்கினாலும் கவலை இல்லை.

737 லீவருக்கு மேல், நடு, கீழ் என்று மூன்று நிலைகள். நடு நிலை ஹைட்ராலிக் அழுத்தத்தைத் துண்டிப்பதற்கானது. மேலே ஒரு மைக்ரோ சுவிட்ச், கீழே ஒரு மைக்ரோ சுவிட்ச் வையுங்கள். இரண்டும் அழுந்தாதபோது எதையும் எழுத வேண்டாம். இரண்டும் ஒரே நேரத்தில் அழுந்தியதாகத் தெரிந்தால் கம்பியில் கோளாறு, அப்போதும் எழுத வேண்டாம்.

விளக்குகளுக்கு வருகிறேன். உண்மையான விமானத்தில் பச்சை விளக்குக்கும் லீவருக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டது என்று சென்சார் சொன்ன பிறகுதான் பச்சை எரியும். லீவர் சொல்வதும் சக்கரம் இருப்பதும் ஒத்துப்போகாதபோது சிவப்பு எரியும். விமானி லீவரை நம்பாமல் விளக்கைப் பார்ப்பது இதனால்தான். நீங்கள் நேரத்தை எண்ணி விளக்கைப் போட்டால், ஒரு சக்கரம் இறங்காமல் சிக்கும் கோளாறை எக்ஸ்-பிளேனில் வரவழைத்துப் பயிற்சி செய்யும் நாளில் உங்கள் பலகை மூன்று பச்சையைக் காட்டும். பயிற்சியே பொய்யாகிவிடும்.

ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை 0 முதல் 1 வரை தரும் டேட்டாரெஃப் ஒன்று உண்டு. 1 ஆனால் பச்சை. இடையில் இருந்தாலோ, லீவரின் நிலைக்கு முரணாக இருந்தாலோ சிவப்பு. போர்டில் எந்த டைமரும் வேண்டாம். டைமர் பொருந்தாமல் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சட்டக வேகம், அதாவது திரைக்காட்சி புதுப்பிக்கப்படும் வேகம், விநாடிக்கு ஏறத்தாழ 20-க்குக் கீழே விழுந்தால் எக்ஸ்-பிளேன் தன் உள்காலத்தையே மெதுவாக்கிவிடும். ஆர்டுயினோவின் கடிகாரத்துக்கு அது தெரியாது. கணினி திணறும்போது நீங்கள் கண்டது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தச்சுப்பட்டறை

நீலவானம் சொல்வது சரிதான், ஆனால் இதற்கு இவ்வளவு நிரல் எழுத வேண்டுமா? லியோனார்டோ, புரோ மைக்ரோ போன்ற 32யூ4 சில்லு உள்ள போர்டுகள் கணினிக்கு நேரடியாக ஜாய்ஸ்டிக்காகவே தெரியும். எக்ஸ்-பிளேனின் அமைப்புப் பக்கத்தில் 'இந்தப் பட்டன் அழுந்தினால் கியர் கீழே, அந்தப் பட்டன் அழுந்தினால் கியர் மேலே' என்று கொடுத்துவிட்டால் முடிந்தது. டாகிளைத் தொடவே வேண்டாம். மெகாதான் கையில் இருக்கிறது என்றால் மொபிஃபிளைட் இருக்கிறது. திறந்த மூல மென்பொருள், உள்ளீடு, வெளியீடு இரண்டையும் நிரல் எழுதாமலே இணைக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டருடன் சிம்கனெக்ட் வழியாகப் பேசும், எக்ஸ்-பிளேனுடனும் பேசும். நான் மரவேலைக்காரன். என் நேரம் பலகையைச் செதுக்குவதில் போக வேண்டும், பிழை தேடுவதில் இல்லை.

நீலவானம்

> நேரம் பலகையைச் செதுக்குவதில் போக வேண்டும்

முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். சுவிட்சுகளுக்கு மட்டும் என்றால் ஜாய்ஸ்டிக் வழியையே நானும் பரிந்துரைப்பேன். ஆனால் அது ஒருவழிப்பாதை, விளக்குக்கும் எண்காட்சிக்கும் உதவாது. பட்டன் அழுந்திய கணத்தில்தான் கமாண்டு போகிறது என்பதால், புதிய பயணம் தொடங்கும்போது ஏற்கெனவே அழுந்தியிருக்கும் சுவிட்சை எக்ஸ்-பிளேன் கண்டுகொள்ளாமல் விடக்கூடும். மேல்பலகையில் நாற்பது சுவிட்ச் வைத்தவர்கள் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் ஒரு தடவை ஆட்டிவிட்டுப் புறப்படுவதற்கு அதுதான் காரணம்.

மொபிஃபிளைட் நல்ல கருவி. அதைப் பயன்படுத்தினாலும் கொள்கை மாறாது: டாகிளைத் தவிருங்கள், விளக்கை விமானத்தின் நிலையோடு கட்டுங்கள்.

மின்கம்பி

குமிழைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. அதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன.

ஒன்று மின்சாரம் சார்ந்தது. உங்கள் குமிழான ரோட்டரி என்கோடரில் இரண்டு தொடர்புகள், ஒன்றுக்கொன்று கால் அலைச்சுற்று தள்ளி மூடித் திறக்கும். எது முந்துகிறது என்பதை வைத்துத் திசையை அறிகிறோம். மலிவான என்கோடரில் ஒவ்வொரு மூடலும் சில மில்லி விநாடி அதிரும். அந்த அதிர்வை நிரல் கிளிக்காக எண்ணினால் பின்னோக்கித் தாவல் வரும். ஒவ்வொரு தொடர்புக்கும் 10 கிலோ ஓம் புல்-அப், தரைக்கு 10 நானோ ஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள். நிரலில் ஒரு தொடர்பின் விளிம்பை மட்டும் பார்க்காமல், 00, 01, 11, 10 என்ற நான்கு நிலைகளின் வரிசையைப் பின்தொடருங்கள். வரிசையில் இல்லாத தாவல் வந்தால் தள்ளிவிடுங்கள். பெரும்பாலான என்கோடர்களில் ஒரு கிளிக்குக்கு நான்கு மாற்றங்கள் முழுமையாக வரும், நான்கும் வந்த பிறகே ஒன்று என்று எண்ணுங்கள். நிரலில் எங்காவது டிலே கட்டளை இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். போர்டு அங்கே தூங்கும் நேரத்தில் நீங்கள் திருப்பும் கிளிக்குகள் கணக்கில் சேராது.

இன்னொன்று கணக்கு சார்ந்தது, தொலையும் கிளிக்குகளுக்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கடைசியாக வந்த உயரத்துடன் 100 கூட்டுகிறீர்கள். எக்ஸ்-பிளேன் விநாடிக்கு 30 சட்டகம் ஓடினால் புதிய மதிப்பு 33 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் வரும். போய் வரும் நேரத்தையும் சேர்த்தால் இன்னும் தாமதம். அதற்குள் மூன்று கிளிக் திருப்பினால், மூன்று முறையும் நிரல் அதே பழைய 5,000-த்துடன் 100 கூட்டி 5,100 என்றே எழுதும். 300 அடி ஏற வேண்டிய இடத்தில் 100 அடிதான் ஏறும்.

கியர் லீவருக்கு நிலையை அனுப்பச் சொன்னது சரி. முடிவில்லாமல் சுற்றும் குமிழுக்கு என்று ஒரு நிலை கிடையாது. அது எத்தனை கிளிக் நகர்ந்தது என்பதைத்தான் சொல்ல முடியும். போர்டு கிளிக்குகளைக் கூட்டிவைத்து '+3' என்று அனுப்பட்டும். நிரல், குமிழ் சுழலும் நேரத்தில் மட்டும், தன் கையில் ஓர் இலக்கு உயரத்தை வைத்துக்கொண்டு அதன் மேல் கூட்டி எழுதட்டும். கடைசிக் கிளிக்குக்குப் பின் அரை விநாடி அமைதி என்றால் அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, எக்ஸ்-பிளேன் சொல்வதையே மறுபடி ஏற்றுக்கொள்ளட்டும். சுழலும் நேரத்தில் காட்சியும் இலக்கைக் காட்டினால் விரலுக்கும் எண்ணுக்கும் இடையே இழுவை தெரியாது.

ஓடுபாதை27

இருவருக்கும் மிக்க நன்றி. லீவரையும் விளக்குகளையும் நீலவானம் சொன்னபடி மாற்றிவிட்டேன். ஒரு சக்கரம் மட்டும் இறங்காத கோளாறை வைத்துப் பார்த்தேன். இரண்டு பச்சை, ஒரு சிவப்பு! பலகையில் அதைப் பார்த்தபோது கிடைத்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

குமிழும் சீராகிவிட்டது. ஆனால் எண்காட்சி மட்டும் சில நேரம் உறைந்து, பிறகு திடீரென்று தாவுகிறது. எக்ஸ்-பிளேன் தரும் தகவலை அப்படியே எழுத்துவரியாகப் போர்டுக்கு அனுப்புகிறேன்.

மின்கம்பி

115200 வேகத்தில் சீரியல் வழியே விநாடிக்கு 11,520 பைட்தான் போகும். ஆர்டுயினோவின் வரவுத் தொட்டி 64 பைட். நீண்ட வரிகளை ஒவ்வொரு சட்டகத்துக்கும் கொட்டினால் அது நிரம்பி வழிந்து, பாதி அறுந்த வரிகள்தான் போர்டுக்குக் கிடைக்கும். மாறிய மதிப்பை மட்டும் அனுப்புங்கள். விளக்கு ஆறுக்கும் சேர்த்து ஒரு பைட் போதும், உயரத்துக்கு இரண்டு பைட். தொடக்கத்துக்கு ஓர் அடையாள பைட், முடிவில் சரிபார்ப்புக்கு ஒன்று. மாறாத மதிப்புகளை விநாடிக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்பினால் போதும்.

எக்ஸ்-பிளேனிடமிருந்து வாங்குவதையும் குறைக்கலாம். 49000 என்ற போர்ட்டுக்கு 413 பைட் கொண்ட ஆர்ரெஃப் கோரிக்கையை அனுப்பி, எந்த டேட்டாரெஃப் விநாடிக்கு எத்தனை முறை வேண்டும் என்று கேட்டால், கேட்டது மட்டும் வரும். எக்ஸ்-பிளேனை மூடித் திறந்தால் அந்தக் கோரிக்கை மறந்துபோகும். சில விநாடிகள் எதுவும் வரவில்லை என்றால் மறுபடி கேட்கும்படி எழுதிவையுங்கள்.

பழைய நானோ போன்ற, எஃப்டிடிஐ என்ற யுஎஸ்பி-சீரியல் சில்லு உள்ள போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. விண்டோஸில் அதன் டிரைவர் சிறு தகவல்களை 16 மில்லி விநாடி வரை தேக்கிவைத்துத்தான் தரும். டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் மேம்பட்ட அமைப்பில் லேட்டன்சி டைமர் என்று இருக்கும். அதை 1 ஆக்குங்கள். உங்கள் மெகாவில் வேறு சில்லு இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

வடகடல்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். வணக்கம் அண்ணாமார். நான் செஸ்னா 172-இன் ஊசிக் கருவிகளைச் செய்கிறேன். நீங்கள் பேசும் அதே கொள்கை ஊசிகளிலும் வருகிறது என்பதால் சொல்கிறேன்.

கார் டாஷ்போர்டில் இருக்கும் எக்ஸ்27 ரக ஸ்டெப்பர் மோட்டார் இதற்கு அருமையானது. 315 பாகை சுழலும், மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆர்டுயினோவின் பின்களிலிருந்தே நேரடியாக ஓட்டலாம். ஆனால் ஊசி எங்கே நிற்கிறது என்று மோட்டார் திருப்பிச் சொல்லாது. படிகளை எண்ணித்தான் அறிய வேண்டும், வேகமாக ஓட்டினால் படி தவறும், தவறியது தெரியாது. அதனால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் ஊசியைப் பூச்சியத் தடைவரை பின்னோக்கி ஓட்டி முட்டவைத்து, அங்கிருந்து எண்ணத் தொடங்குகிறேன். திடீர் வேகம் கொடுக்காமல் முடுக்கத்தைப் படிப்படியாக ஏற்றினால் படி தவறுவதில்லை.

ஊசி விட்டுவிட்டு நகர்கிறது என்று பலர் முறையிடுகிறார்கள். மதிப்பு 33 மில்லி விநாடிக்கு ஒருமுறை வந்தால் ஊசியும் அப்படித்தான் நகரும். வந்த மதிப்பை இலக்காக வைத்து, போர்டே அதை நோக்கிச் சீராக ஊசியைக் கொண்டுபோக வேண்டும்.

த்ராட்டில் செய்கிறவர்களுக்கும் ஒன்று. பொட்டென்ஷியோமீட்டர் ஏறத்தாழ 300 பாகை சுழலும். லீவர் 60 பாகைதான் அசையும் என்றால், ஆர்டுயினோ தரும் 1,024 படிகளில் உங்களுக்குக் கிடைப்பது 200 சொச்சம். பற்சக்கரம் வைத்து முழுச் சுற்றையும் பயன்படுத்துங்கள், அல்லது ஏடிஎஸ்1115 என்ற 16 பிட் மாற்றியைப் போடுங்கள். வாங்கும்போது உடம்பில் பி10கே என்று இருக்கிறதா பாருங்கள். ஏ10கே ஒலிப்பெருக்கிக்கானது, சீராக ஏறாது.

மாணவன்_மின்

ஐயா, நான் மின்பொறியியல் படிக்கிறேன். எங்கள் பாடத்தில் நிகழ்நேர சிமுலேஷன் என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதானா? மின்வலையமைப்பின் பாதுகாப்பு ரிலேயை (பழுது கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் கருவியை) சிமுலேட்டருடன் இணைத்துச் சோதிப்பது பற்றிப் படித்தேன்.

நீலவானம்

தம்பி, உறவு உண்டு, ஆனால் கண்டிப்பு வேறு. எக்ஸ்-பிளேனில் ஒரு சட்டகம் 20 மில்லி விநாடியும் அடுத்தது 40 மில்லி விநாடியும் எடுத்தால் யாருக்கும் நட்டமில்லை. நீ படிப்பதில் ஒவ்வொரு படியும் குறித்த நேரத்துக்குள் முடிந்தே ஆக வேண்டும். மின்வலையமைப்புச் சோதனையில் வழக்கமான படி 50 மைக்ரோ விநாடி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லி விநாடி, அதாவது ஒரு சுற்றுக்கு 400 படிகள். ஒரு படி தவறினால் ரிலேக்குப் போகும் அலைவடிவமே கெட்டுவிடும், ரிலே ஏன் விழுந்தது, அதாவது ஏன் துண்டிப்பு ஆணை தந்தது, என்று யாரும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் ஓபால்-ஆர்டி, ஆர்டிடிஎஸ் போன்ற தனி இயந்திரங்களும், பவர் எலக்ட்ரானிக்ஸ் என்றால் எஃப்பிஜிஏ போர்டுகளும் இருக்கின்றன. சாதாரணக் கணினியில் முயல்கிறவர்களுக்கு லினக்ஸை நிகழ்நேர வேலைக்கு ஏற்றதாக்கும் பிரீஎம்ப்ட்-ஆர்டி உதவும். பல ஆண்டுகள் தனித் திருத்தத் தொகுப்பாக (பேட்ச்) இருந்தது, 2024-இல் வந்த 6.12 பதிப்பில் மூல கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. அதை வைத்தும் 50 மைக்ரோ விநாடி எளிதல்ல, ஒரு மில்லி விநாடிப் படிகளுக்கு நன்றாகவே பொருந்தும்.

இணைப்பின் வடிவம் மட்டும் இதேதான். சிமுலேட்டர் 10 வோல்ட்டுக்குள் சிறு மின்னழுத்தத்தைத் தரும். ஆம்ப்ளிஃபயர் அதை ரிலே எதிர்பார்க்கும் 110 வோல்ட்டாகவும் 1 ஆம்பியராகவும் உயர்த்தும். ரிலே விழுந்தால் அதன் தொடர்பு டிஜிட்டல் உள்ளீடாக சிமுலேட்டருக்குத் திரும்பிவந்து, உள்ளே பிரேக்கரைத் திறக்கும். அந்தத் திரும்பி வரும் கம்பி இல்லாவிட்டால், ரிலே விழுந்த பிறகும் சிமுலேட்டரில் பழுது மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். வட்டம் மூட வேண்டும் என்பதை மட்டும் மறவாதே.

ஓடுபாதை27

காட்சியும் சீராகிவிட்டது மின்கம்பி அவர்களே. அடுத்த ஆசை: உண்மையான 737-இல் விமானம் தரையில் நிற்கும்போது கியர் லீவரை மேலே தூக்க முடியாதபடி ஒரு சாலினாய்டு (மின்காந்தத்தால் தண்டை நகர்த்தும் சுருள்) பூட்டு இருக்கும். அதையும் வைக்க விரும்புகிறேன். 12 வோல்ட் சாலினாய்டு ஒன்று ரிச்சி தெருவில் கிடைத்தது. போர்டின் பின்னிலிருந்து எப்படி ஓட்டுவது?

சாலிடர்மணம்

நேரடியாக ஓட்டவே கூடாது. மெகாவின் ஒரு பின்னுக்கு 20 மில்லி ஆம்பியர்தான் பாதுகாப்பான அளவு, எல்லாப் பின்களும் சேர்ந்து 200-ஐத் தாண்டக் கூடாது. சாலினாய்டு நூற்றுக்கணக்கில் கேட்கும்.

ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் (மின்சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) ஒன்றை எடுங்கள். பெயரில் 'எல்' இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடையில் ஐஆர்எஃப்இசட்44என் கொடுத்தால் அது 5 வோல்ட்டில் முழுமையாகத் திறக்காமல் சூடேறும். சாலினாய்டின் ஒரு முனை 12 வோல்ட்டுக்கு, மறுமுனை மாஸ்ஃபெட்டின் ட்ரெயினுக்கு, சோர்ஸ் தரைக்கு. சாலினாய்டுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு, வெள்ளைக் கோடு 12 வோல்ட் பக்கம். மின்சாரத்தைத் துண்டிக்கும்போது சுருளில் எழும் மின்னழுத்தத்தை அது விழுங்கிக்கொள்ளும். டையோடு இல்லாவிட்டால் முதலில் மாஸ்ஃபெட் போகும். 12 வோல்ட் சப்ளையின் தரையும் ஆர்டுயினோவின் தரையும் இணைந்திருக்க வேண்டும். சர்வோ வைப்பவர்களுக்கும் இதே விதி: தனி மின்சாரம், பொதுத் தரை.

மாஸ்ஃபெட்டின் கேட்டிலிருந்து தரைக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை மறக்க வேண்டாம். போர்டு விழித்தெழும் நேரத்தில் பின்கள் அந்தரத்தில் மிதக்கும், அந்த ரெசிஸ்டர்தான் மாஸ்ஃபெட்டை அணைத்து வைத்திருக்கும்.

ஸ்பிரிங் பூட்டி வைக்க, மின்சாரம் வந்தால் திறக்கும்படி அமையுங்கள். கேபிள் கழன்றாலும் லீவர் கீழேயே பூட்டியிருக்கும்.

நீலவானம்

தரையில் இருக்கிறதா என்பதற்கும் டேட்டாரெஃப் உண்டு, அதையே வாங்குங்கள். உயரத்தையோ வேகத்தையோ வைத்து நீங்களாக ஊகிக்க வேண்டாம். லீவர் மேலே இருந்தபடியே புதிய பயணம் ஓடுபாதையில் தொடங்கினால் பூட்டு உதவாது, அதனால் நிரலிலும் ஒரு காவல் வையுங்கள்: விமானம் தரையில் இருக்கும்வரை கியர் கைப்பிடிக்கு 0 எழுதாதே. லீவரை ஒருமுறை கீழே கொண்டுவந்த பிறகே 'மேலே' என்பதை ஏற்றுக்கொள்.

ஓடுபாதை27

அந்தக் காவலை இப்போதே எழுதிவிடுகிறேன். லீவர் முரணாக இருக்கும்வரை மூன்று சிவப்பையும் சிமிட்டவைக்கலாமா?

நீலவானம்

உண்மையான பலகையில் அந்தச் சிவப்புகள் சிமிட்டுவதில்லை. நிலையாக எரியவிடுங்கள், எச்சரிக்கைக்கு அதுவே போதும்.